அச்சுக்கூடத்தை விட்டு வெளியேறிய தகடு

தமிழ் சினிமாவில் அரைகுறைத் தமிழ் பேசிக்கொண்டு வரும் வட்டிக்கடைச் சேட்டைப் பற்றி எழுதும் விமர்சகர் ஸ்டீரியோடைப் என்கிறார். ஒரே கையசைவை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும் நோயாளியின் குறிப்பேட்டில் மனநல மருத்துவரும் ஏறத்தாழ அதே சொல்லைத்தான் எழுதுகிறார். கூண்டின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் ஓயாமல் நடக்கும் புலியைக் கவனிக்கும் விலங்கியலாளருக்கும் அதுவே கலைச்சொல். ஆனால் இந்த மூவரில் எவருடைய துறையிலும் அந்தச் சொல் பிறக்கவில்லை. ஈயத்தை உருக்கி வார்த்துக்கொண்டிருந்த அச்சுத் தொழிலாளர்களின் பட்டறையில் பிறந்தது அது. ஒரு தொழிற்சொல் பொதுவழக்குக்குள் நுழையும்போது தொழிலின் ஒரு பகுதியை மட்டும் கையோடு எடுத்து வந்து மீதியை வாசலிலேயே விட்டுவிடுவது வழக்கம். இந்தச் சொல் எடுத்து வந்தது இறுக்கத்தை மட்டுமே. அந்த இறுக்கம் யாருக்கு, எதற்காகத் தேவைப்பட்டது என்பது அச்சுக்கூடத்திலேயே தங்கிவிட்டது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அப்படித் தங்கிப்போன பகுதியைப் பற்றியது.

கையால் அச்சுக்கோத்த காலத்தில் ஒரு பக்கம் என்பது ஆயிரக்கணக்கான தனித்தனி ஈய எழுத்துகளின் தற்காலிகக் கூட்டம். அச்சுக்கோப்பவரான கம்போசிட்டர், எழுத்துப் பெட்டியான கேஸிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கையில் பிடிக்கும் ஸ்டிக்கில் அடுக்கி, வரிகளாக்கி, பக்கமாக்கி, இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கி இயந்திரத்துக்கு அனுப்புவார். அச்சடித்து முடிந்ததும் சட்டத்தை அவிழ்த்து, எழுத்துகளைக் கழுவி, அந்தந்த அறையில் பிரித்துப் போட வேண்டும். அப்படிப் போட்டால்தான் அடுத்த பக்கத்தைக் கோக்க எழுத்து இருக்கும். அதே புத்தகத்துக்கு மறுபதிப்பு வேண்டுமென்றால் முதலிலிருந்து கோக்க வேண்டும், முதலிலிருந்து மெய்ப்புப் பார்க்க வேண்டும், முன்பு இல்லாத பிழைகள் புதிதாக முளைக்கும். பக்கங்களை அவிழ்க்காமல் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றால், ஒரு விவிலியம் முழுவதையும் கோத்து நிறுத்தி வைக்கும் அளவுக்கு எழுத்தும் இடமும் முதலும் எந்த அச்சகத்திடமும் சாதாரணமாக இருப்பதில்லை. எங்கள் ஊரில் காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் இயந்திரம் வைத்திருந்த சிறிய அச்சகத்தில்கூட, கோத்தபடியே அவிழ்க்காமல் நின்ற மேட்டர் ஒன்று உண்டு. அது கல்யாணப் பத்திரிகை. ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கி ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ வரை எல்லாம் நூல் கட்டி அலமாரியில் தயாராக இருக்கும். மணமக்கள் பெயர், நாள், நட்சத்திரம், மண்டபம் ஆகியவற்றை மட்டும் உருவி மாற்றுவார்கள். ஊரில் பாதிப் பேருக்கு அதே பத்திரிகையில்தான் கல்யாணம் நடந்தது. எவரும் குறைப்பட்டுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

எழுத்தை விடுவித்துவிட்டுப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வது எப்படி என்பதே பழைய அச்சகங்களின் பெரிய கேள்வி. இதற்கு விடை தேடி நொந்துபோனவர்களில் முக்கியமானவர் வில்லியம் கெட் என்ற எடின்பரோ பொற்கொல்லர். 1725 வாக்கில் அவர் தொடங்கிய சோதனை எளிமையான ஒன்று. கோத்த பக்கத்தின் மேல் வார்ப்பச்சு எடுத்து, அந்த அச்சில் உலோகத்தை வார்த்து, முழுப் பக்கத்தையும் ஒரே தகடாக்கிவிடுவது. லண்டனில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, விவிலியமும் வழிபாட்டு நூலும் அச்சிட 1731இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திடம் உரிமையும் பெற்றார். ஆனால் பக்கங்கள் நிரந்தரமாகிவிட்டால் மறுபடி கோக்க ஆள் எதற்கு என்ற கணக்கு தொழிலாளர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு பிழையைத் திருத்தச் சொன்னால் திருத்திவிட்டு வேண்டுமென்றே அரை டஜன் பிழைகளைச் சேர்த்தார்கள் என்றும், முதலாளி அகன்ற நேரத்தில் எழுத்துகளை நசுக்கி வைத்தார்கள் என்றும் பழைய குறிப்புகள் சொல்கின்றன. முயற்சி படுத்துவிட்டது, வார்த்த தகடுகள் உருக்கப்பட்டன. கெட் ஊருக்குத் திரும்பி, சால்லஸ்ட் என்ற ரோமானிய வரலாற்றாசிரியரின் நூலைத் தம் முறையில் 1739இல் வெளியிட்டார். வழக்கமான அசையும் எழுத்துகளைக் கொண்டு அச்சிடாமல் வார்த்த தகடுகளைக் கொண்டு அச்சிட்டது என்று அதன் தலைப்புப் பக்கத்திலேயே இலத்தீனில் போட்டுக்கொண்டார். தோற்றுப்போன மனிதரின் பிடிவாதம் அந்த ஒரு வரியில் தெரிகிறது. 1749இல் அவர் இறந்தபோது அந்த முறைக்கு ஊரறிந்த பெயர்கூட இருக்கவில்லை.

பெயர் வைத்தது பாரிஸ். ஃபெர்மான் திதோ என்ற அச்சாளர் 1795இல் கணிதவியலாளர் காலேயின் மடக்கை (லாகரிதம்) அட்டவணைகளைப் பதிப்பித்தபோது, திடம் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லையும் அச்சு என்ற பொருள் தருவதையும் ஒட்டிய ஸ்டீரியோடைப் என்ற பெயர் நூலின் முகப்பில் ஏறியது. இந்தப் பெயர் ஒட்டிக்கொண்ட முதல் புத்தகங்களில் ஒன்று கவிதையாகவோ மறைநூலாகவோ இல்லாமல் எண்களின் புத்தகமாக இருந்ததை நான் முக்கியமாக நினைக்கிறேன். கடலில் கப்பலின் இடத்தைக் கணிப்பவரும் நிலத்தை அளப்பவரும் அந்த எண்களை நம்பியிருந்தார்கள். கதையில் ஓர் எழுத்து பிசகினால் வாசகர் ஊகித்துப் படித்துக்கொள்வார். ஏழாவது தசம இடத்தில் ஓர் இலக்கம் பிசகினால் ஊகிக்க வழியில்லை. எனவே பக்கத்தை ஒருமுறை கோத்து, பலமுறை சரிபார்த்து, பிறகு எந்தக் கையும் தொட முடியாதபடி இறுக்கிவிடுவது பெரிய நிம்மதி. பிழை கண்டுபிடிக்கப்பட்டால் அந்த இடத்தை மட்டும் திருத்தலாம்; அடுத்த பதிப்பில் புதுப் பிழை புகாது. இறுக்கம் இங்கே நம்பகத்தின் மறுபெயர்.

இதே காரணத்துக்காகத்தான் ஆங்கிலேயக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பு இயந்திரத்தைத் திட்டமிட்டபோது, விடையைக் காட்டுவதோடு அது நிற்கக் கூடாது என்று நினைத்தார். அட்டவணைகளில் பிழை கணக்கிடும் இடத்தில் மட்டும் நுழைவதில்லை. எழுதிப் படியெடுக்கும்போதும் கோக்கும்போதும் நுழைகிறது. ஆகவே இயந்திரமே எண்களை மென்மையான பரப்பில் அழுத்த வேண்டும், அந்த அச்சிலிருந்து நேரடியாக ஸ்டீரியோடைப் தகடு வார்க்க வேண்டும், இடையில் மனிதக் கையே வரக் கூடாது என்பது அவர் கனவு. லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அவருடைய இரண்டாவது வடிவமைப்பின் கணக்கிடும் பகுதியை 1991இல் கட்டி முடித்தது. அச்சுப் பதிக்கும் பகுதி 2002இல் நிறைவடைந்தது. சுண்ணச் சாந்து நிரப்பிய தட்டில் இலக்கங்களை அழுத்தும் அமைப்பு அதில் இருக்கிறது. கணினியின் முன்னோடி என்று நாம் கொண்டாடும் இயந்திரம் ஸ்டீரியோடைப் செய்வதற்காகவும் வடிவமைக்கப்பட்டது என்பது ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை.

தொழில் நுணுக்கத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உருவகம் அதிலிருந்துதான் கிளம்புகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டான்ஹோப் பிரபு இங்கிலாந்தில் பரப்பிய முறையில், கோத்த பக்கத்துக்கு எண்ணெய் தடவி, பாரிஸ் சாந்தை (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஊற்றி, அது இறுகியதும் பிரித்து, அடுப்பில் உலர்த்தி, உருகிய உலோகத்துக்குள் அமிழ்த்துவார்கள். ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த உலோகம் அது. தகட்டை எடுக்கும்போது சாந்து அச்சு உடைந்துபோகும். ஓர் அச்சுக்கு ஒரு தகடுதான். 1829இல் பிரான்சின் கிளோத் ஜெனு உரிமம் பெற்ற காகிதக்கூழ் முறை வந்த பிறகுதான் நிலைமை மாறியது. மெல்லிய தாள்களைப் பசையிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய ஈரமான அட்டையைப் பக்கத்தின் மேல் விரித்து, முரட்டு பிரஷ்ஷால் அடித்து உள்ளே இறக்கி, சூட்டில் உலர்த்துவார்கள். ஃபிளாங் எனப்பட்ட அந்த அட்டையிலிருந்து எத்தனையோ தகடுகள் வார்க்கலாம். அட்டை வளையும் என்பதால் தகட்டையும் உருளைக்கு ஏற்றபடி வளைவாக வார்க்கலாம். சுழலும் இயந்திரங்களில் நாளிதழ்கள் இலட்சக்கணக்கில் ஓடியது இதனால்தான். ஒரே பக்கத்துக்குப் பல தகடுகள் வார்த்துப் பல இயந்திரங்களில் ஒரே நேரத்தில் மாட்டினார்கள். வேலை முடிந்ததும் தகடுகள் கொப்பரைக்குத் திரும்பின. இன்று காலை ஊரெல்லாம் படித்த செய்தியின் ஈயம் நாளைய செய்திக்காக இரவில் மறுபடி உருகியது.

இங்கே ஒரு விவரம் உண்டு, உருவகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாதது. ஸ்டீரியோடைப் தகட்டைத் திருத்த முடியும். பிழையான எழுத்து இருக்கும் இடத்தைத் துளையிட்டு வெட்டியெடுத்து, அந்தத் துளையில் சரியான ஈய எழுத்தைச் செருகி, பின்புறம் பற்றவைத்து, மேல்மட்டம் சமமாகுமாறு சீவுவார்கள். சிரமமான வேலை, கைத்திறன் வேண்டும், ஒரு பத்தி முழுக்க மாற வேண்டுமென்றால் கட்டுப்படியாகாது. ஆனாலும் ஓர் எழுத்து, ஒரு சொல் என்ற அளவில் அது அன்றாடம் நடந்த வேலை. மாறவே மாறாதது என்ற பொருளில் இந்தச் சொல்லைப் புழங்கியவர்கள் பட்டறைக்குள் எட்டிப் பார்க்காதவர்கள்.

தேய்ந்துபோன சொற்றொடரைக் குறிக்கும் கிளிஷே என்ற சொல்லும் இதே பட்டறையிலிருந்து வந்ததுதான். உறைகிற தறுவாயில் இருக்கும் உலோகத்தின் மேல் அச்சைச் சட்டென்று அடித்துப் பதிக்கும் முறைக்குப் பிரெஞ்சு அச்சுத் தொழிலில் வழங்கிய பெயர் அது. அடி விழும் ஓசையிலிருந்து வந்த சொல் என்று பொதுவாகச் சொல்வார்கள். வக்கீல்களும் நிரலாளர்களும் மாற்றாமல் திரும்பத் திரும்ப ஒட்டும் வாசகத்தை இன்று பாய்லர்பிளேட் என்கிறார்களே, அதுவும் அமெரிக்கச் சிற்றூர்ப் பத்திரிகைகளுக்கு முன்கூட்டியே வார்த்து அனுப்பப்பட்ட ஸ்டீரியோடைப் தகடுகளின் பட்டப்பெயர். அந்தப் பத்திரிகைக்காரருக்கு எழுத நேரமில்லை, கோக்க ஆளில்லை. நிரம்பாத பத்திக்கு வேண்டிய நீளத்தில் தகட்டை அறுத்து மாட்டிக்கொண்டார். திரும்பத் திரும்ப வரும் பேச்சைக் குறிக்க நாம் இரவல் வாங்கிய மூன்று சொற்களும் ஈயக் கொப்பரையைச் சுற்றி நின்றவர்கள் தந்தவை.

19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே ஆங்கிலத்தில் புன்னகையையும் பதிலையும் சொற்றொடரையும் ஸ்டீரியோடைப் ஆனது என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். உருவகம் அவ்வளவு விரைவாகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. தேய்ந்த சொற்றொடரைச் சொல்கிறவர் சொற்களைக் கோப்பதில்லை. கோத்து வைத்த பக்கத்தை எடுத்து மாட்டுகிறார். நம் நாளிதழ்களின் குற்றச் செய்தியைப் பாருங்கள். மர்ம நபர்கள் கைவரிசை காட்டுவார்கள், தகவலறிந்து போலீசார் சம்பவ இடத்துக்கு விரைந்து வருவார்கள், தப்பியோடியவரை வலைவீசித் தேடுவார்கள், அப்பகுதியில் பரபரப்பு ஏற்படும். வலை என்ற சொல் அங்கே வலையைக் குறிப்பதில்லை. அதை உருவியெடுத்து வேறு சொல்லை வைத்துப் பார்த்தால் வாக்கியமே உடைந்துவிடும். பகுதிகளாகப் பிரிக்க முடியாமல் ஒரே தகடாகிப்போன வாக்கியம் அது. ஆனால் அதை எழுதுகிற நிருபரைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. இரவு பதினொன்றரைக்குப் பக்கம் முடிய வேண்டும். மாவட்டச் செய்தியாளர் போனில் நாலு வரி சொல்லியிருக்கிறார். அந்த நெருக்கடியில் கையெட்டும் இடத்தில் இருப்பது இதுதான். நேரமும் ஆளும் இல்லாத இடத்தில் ஸ்டீரியோடைப் பிறக்கும் என்பது கெட் காலத்திலிருந்தே உள்ள விதி.

மனநல மருத்துவத்துக்கு இந்தச் சொல் போனது வேறு பாதையில். ஜெர்மானிய மருத்துவர் கால்பாம் 1874இல் கேட்டடோனியா என்ற நிலையை விவரித்தபோது, பொருளற்ற சொற்களை ஒரே சீராகத் திரும்பச் சொல்லுதல், ஒரே அசைவில் நின்றுவிடுதல் போன்றவற்றைத் தொகுத்துக் காட்டினார். அவருக்குப் பின் மனநல மருத்துவர் கிரெப்லின் அத்தகைய அசைவுகளையும் பேச்சையும் ஸ்டீரியோடைப்பி என்ற தலைப்பின் கீழ் நோய்க்குறியாக நிலைநாட்டினார். இங்கே சொல் பொருத்தமாக இருப்பதுபோலத் தெரிகிறது: ஒரே அச்சு, ஒரே பதிவு, எண்ணற்ற படிகள். ஆனால் ஜூரிக்கின் புர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்த கார்ல் யுங் சொன்ன ஒரு நிகழ்வு, அந்தப் பொருத்தம் அவர்கள் நினைத்ததைவிட ஆழமானது என்று காட்டுகிறது. பல்லாண்டுகளாகப் படுக்கையில் கிடந்த மூதாட்டி ஒருவர் பேசுவதே இல்லை; கைகளை மட்டும் ஒரு விசித்திரமான தாளத்தில் ஆட்டிக்கொண்டே இருப்பார். வகுப்புகளில் அவரைக் கேட்டடோனியாவுக்கு எடுத்துக்காட்டாக நிறுத்தினார்கள். பழைய செவிலியர் ஒருவர், முன்பு அந்த அம்மாள் செருப்புத் தைத்தவர் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். மூதாட்டி இறந்த பிறகு சடங்குக்கு வந்த சகோதரரிடம் யுங் விசாரித்தார். அந்த அம்மாள் ஒரு செருப்புத் தொழிலாளியைக் காதலித்தார், அந்த ஆள் கைவிட்டுவிட்டான், அதன் பிறகுதான் இப்படி ஆகிவிட்டார் என்று சகோதரர் சொன்னார். அந்தக் கைகள் அத்தனை ஆண்டுகளாகச் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தன.

யுங் இதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஒரு சகோதரரின் ஒற்றை வாக்குமூலத்தின் மேல் அவர் நிறையவே கட்டுகிறார். ஆனாலும் பட்டறையின் வேலைமுறை இங்கே அப்படியே இருக்கிறது. தகடு வார்த்த பிறகு, அதைப் பிறப்பித்த எழுத்துகள் பிரிக்கப்பட்டு வேறு பக்கங்களுக்குப் போய்விடுகின்றன. தகட்டை மட்டும் பார்க்கிறவருக்கு எந்தக் கை அதைக் கோத்தது என்று தெரிய வழியில்லை. பொருளற்ற அசைவு என்று மருத்துவர்கள் எழுதியது, கோத்தவர் போய்விட்ட பக்கத்தைத்தான்.

விலங்குகள் விஷயத்தில் இதை இன்னும் கறாராகப் பார்க்க முடிகிறது. திரும்பத் திரும்ப நிகழ்வது, மாறாதது, வெளிப்படையான நோக்கமோ பயனோ இல்லாதது என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜார்ஜியா மேசன் 1991இல் இத்தகைய நடத்தையை வரையறுத்தார். இரும்புக் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும் பெண் பன்றி, மரச்சட்டத்தைப் பல்லால் பற்றிக் காற்றை இழுக்கும் குதிரை, நாக்கைச் சுழற்றும் மாடு எல்லாம் இதில் அடங்கும். தமிழ்நாட்டில் இதைப் பார்க்க மிருகக்காட்சிசாலைக்குப் போக வேண்டியதில்லை. கோயில் யானை முன்காலில் சங்கிலியோடு நின்றபடி தலையை இடமும் வலமுமாக ஆட்டுவதையும், உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொண்டே இருப்பதையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நாகஸ்வரம் கேட்டு ஆடுகிறது என்று குழந்தைக்குச் சொல்லும் அப்பாக்களையும் பார்த்திருக்கிறேன். நாகஸ்வரம் நின்ற பிறகு, உச்சிகால பூஜை முடிந்து நடை சாத்தி, கொட்டாரத்தில் பாகனைத் தவிர யாருமில்லாத நேரத்தில் நின்று பார்த்தேன். ஆட்டம் நிற்கவில்லை, வேகமும் மாறவில்லை. நாளெல்லாம் மேய்ந்து நடக்க வேண்டிய உடல் ஒரே இடத்தில் நின்று உருவாக்கிக்கொண்ட அசைவு அது. இத்தகைய அசைவு ஒருமுறை படிந்துவிட்டால், இடத்தை விசாலமாக்கிய பிறகும் சில விலங்குகளிடம் தொடர்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆகவே ஒரு விலங்கு ஆடுவதை வைத்து அது இன்று எப்படி நடத்தப்படுகிறது என்று சொல்ல முடியாது. முன்பு எங்கோ கட்டுண்டு கிடந்தது என்று ஊகிக்கலாம்.

உருவகம் பிழைபடும் இடமும் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தை கையை உதறுவதையும் உடலை முன்னும் பின்னும் ஆட்டுவதையும் மருத்துவக் கையேடுகள் இதே சொல்லால்தான் குறிக்கின்றன. வளர்ந்து பேசவும் எழுதவும் தொடங்கிய ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் இதை மறுத்திருக்கிறார்கள். இரைச்சலும் வெளிச்சமும் தாங்க முடியாமல் பெருகும்போது அந்த அசைவு தங்களை நிதானப்படுத்துகிறது, மகிழ்ச்சியிலும் அது வருகிறது, தடுத்தால் நிலைமை மோசமாகிறது என்கிறார்கள். பார்ப்பவருக்கு நோக்கம் தெரியவில்லை என்பதால் நோக்கம் இல்லையென்று ஆகாது. கையைக் கட்டிப்போட்டுப் பழக்கிய சிகிச்சைகளை நினைத்தால், ஒரு பட்டறைச் சொல்லை இடம் தெரியாமல் புழங்கியதன் விலையைக் குழந்தைகள் கொடுத்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனத்தையும் நாட்டையும் பற்றிய முன்முடிவு என்ற இன்றைய பொருளை இந்தச் சொல்லுக்கு நிலைநாட்டியவர் அமெரிக்கரான வால்டர் லிப்மன். அவர் பத்திரிகைக்காரர் என்பது தற்செயல் இல்லை. 1920இல் அவரும் சார்லஸ் மெர்ஸும் சேர்ந்து, ரஷ்யப் புரட்சியைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் மூன்றாண்டுக் காலம் வெளியிட்ட செய்திகளை ஆராய்ந்தார்கள். போல்ஷெவிக் ஆட்சி கவிழ்ந்துவிட்டது, அல்லது இதோ கவிழப்போகிறது என்று அதில் ஈராண்டுக்குள் மட்டும் அந்த இதழ் 91 முறை எழுதியிருந்தது. பொய் சொல்ல வேண்டும் என்ற திட்டம் எதையும் அவர்கள் அதில் காணவில்லை. ஆசிரியர்களும் நிருபர்களும் பார்க்க விரும்பியதையே பார்த்தார்கள் என்று எழுதினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1922இல் வெளிவந்த பொதுக்கருத்து பற்றிய நூலில், தலைக்குள் இருக்கும் படங்களுக்கு லிப்மன் ஸ்டீரியோடைப் என்று பெயர் வைத்தார். நாம் பார்த்துவிட்டு வரையறுப்பதில்லை, வரையறுத்துவிட்டுப் பார்க்கிறோம் என்பது அவர் வாதம். அதே ஆண்டு அவர் நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் சேர்ந்தார். அன்றைய பெரிய நாளிதழ் எதிலும் ஈயத் தகடு வார்க்கும் பிரிவு இல்லாமல் இராது. அவர் எழுதிய தலையங்கமும் தகடாகித்தான் இயந்திரத்தில் ஏறியது.

அவரைப் பின்பற்றியவர்கள் மறந்துவிட்ட ஒன்றை லிப்மன் தெளிவாகவே சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் புதிதாக, விவரமாகப் பார்ப்பது மனிதனைக் களைப்படையச் செய்யும். ஸ்டீரியோடைப்பில் ஒரு சிக்கனம் இருக்கிறது என்றார் அவர். பட்டறை வாசலில் விடப்பட்ட பகுதி இப்படித் திரும்பி வந்தது. எழுத்து போதாத அச்சகத்தைப் போல, கவனம் போதாத மனம் பக்கத்தை வார்த்து வைத்துக்கொள்கிறது. இதை ஒழுக்கக் கேடு என்று மட்டும் பேசுகிற இன்றைய பேச்சைவிட லிப்மனின் பார்வை எனக்கு நேர்மையாகப் படுகிறது. அதே சமயம், அந்தச் சிக்கனத்தின் பலன் யாருக்கு, செலவு யார் தலையில் என்று அவர் போதுமான அளவு கேட்கவில்லை என்பதும் உண்மை. சேட்டு வேடத்தில் சிக்கனம் கதாசிரியருக்கு. செலவு சவுகார்பேட்டையில் பிறந்து வளர்ந்து நன்றாகத் தமிழ் பேசும் பையனுக்கு.

தகட்டில் திருத்தம் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு, தற்செயலாக அமைந்த ஒரு நீண்ட சோதனை அமெரிக்காவில் நடந்தது. 1933இல் கேட்ஸ், பிரேலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்கள் 100 பேரிடம் 84 குணச்சொற்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, ஒவ்வோர் இனத்துக்கும் நாட்டினருக்கும் பொருந்துவனவற்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நேரில் அதிகம் பழகியிராத மக்களைப் பற்றிக்கூட மாணவர்கள் வியப்பூட்டும் அளவுக்கு ஒரே குரலில் பதில் சொன்னார்கள். அதே பல்கலைக்கழகத்தில் 1951இல் கில்பர்ட் இதைத் திரும்பச் செய்தபோது ஒருமித்த குரல் மங்கியிருந்தது. ஒரு மக்கள் கூட்டம் முழுவதுக்கும் குணம் சொல்லச் சொல்வதே நியாயமற்றது என்று பல மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தகடு தேய்ந்துவிட்டது என்று அப்போது நம்ப முடிந்தது. 1969இல் கார்லின்ஸும் அவருடைய குழுவினரும் மூன்றாம் முறை அதே பட்டியலை நீட்டினார்கள். பழைய வசைச் சொற்கள் பல விலகியிருந்தன, அவற்றின் இடத்தில் மரியாதையான வேறு சொற்கள் வந்திருந்தன, முன்பைப் போலவே எதிர்ப்பும் எழுந்தது. ஆனால் பதில்களின் ஒற்றுமை மட்டும் ஏறக்குறைய 1933இன் அளவுக்குத் திரும்பியிருந்தது.